தோய்ச்சலையும் பில்லில் எழுதி வாங்குங்கள்

சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்கு ஒரு ஷாஃப்ட், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு ஓர் அரிவாள், டிராக்டர் கலப்பைக்கு ஒரு கொழு. வாங்குகிறவர் எடையைப் பார்க்கிறார், வடிவத்தைப் பார்க்கிறார், விலையைப் பேசுகிறார். அந்தப் பொருள் ஆறு வருடம் உழைக்குமா, ஆறாவது நாளே முறியுமா என்பது பெரும்பாலும் வேறோர் இடத்தில் முடிவாகிவிடுகிறது. உலையில் எவ்வளவு சூடேற்றினார்கள், எதில் முக்கிக் குளிர வைத்தார்கள், அதன்பின் மறுபடியும் எவ்வளவு சூடு காட்டினார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். கொல்லுப்பட்டறையில் இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். லேத் பட்டறையில் ஹார்டனிங், டெம்பரிங் என்பார்கள். சரியாகச் செய்த பொருளும் செய்யாத பொருளும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஒன்று போலவே தெரியும். அதனால்தான் வாங்குகிறவர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் கரி கலந்த எஃகை 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் செக்கச் செவேலென்று ஆகும். 770 டிகிரி வாக்கில் காந்தம் அதில் ஒட்டாமல் போய்விடும். வெப்பமானி இல்லாத பட்டறையில் பதம் பார்க்க இது நல்ல வழி. 800, 850 டிகிரிச் சூட்டிலிருந்து சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கும்போது உள்ளே கரைந்திருந்த கரி வெளியேற நேரமில்லாமல் இரும்புக்குள்ளேயே சிறைப்படுகிறது. எஃகு கடுமையாக இறுகுகிறது. ஆனால் இந்த நிலையில் அதைக் கையில் கொடுத்தால் ஆபத்து. கீழே விழுந்தாலே கண்ணாடி மாதிரி உடையும். ஆகவே உடனே மறுசூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம் தோன்றும், பிறகு ஊதா, 300 டிகிரியை ஒட்டி நீலம். வெட்டும் முனைக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்துவார்கள். அடி தாங்க வேண்டியதற்கு இன்னும் மேலே போவார்கள். இந்த மறுசூட்டைத்தான் அவசரக்காரர்கள் முதலில் விட்டுவிடுகிறார்கள். விறகும் மிச்சம், நேரமும் மிச்சம், முறிவது வாங்கியவர் கையில்.

நம் பக்கத்து அரிவாள்கள் பல, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அறுத்து அடித்தவை. அது நல்ல எஃகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வகை எஃகு எண்ணெயில் குளிர வேண்டியது. தண்ணீரில் முக்கினால் மயிரிழை போல வெடிப்பு விழலாம். சாணை பிடித்தபின் வெடிப்பு கண்ணில் படாது. மரம் வெட்டும்போதோ தேங்காய் உரிக்கும்போதோ ஒருநாள் துண்டு தெறிக்கும்.

ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்று முதல் இந்த ஊருக்கும் தோய்ச்சலுக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது, வெளியே பேசப்படாதது. ரிங் ஃபிரேமில் நூலை முறுக்கும் டிராவலர் என்ற சின்னஞ்சிறு எஃகு வளையம், ரிங்கின் விளிம்பில் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். ரிங்கைவிட டிராவலரைக் கடினம் குறைவாக வைப்பார்கள். மலிவான டிராவலர் தேயட்டும், விலை கூடிய ரிங் நிற்கட்டும் என்ற கணக்கு. ரிங்கின் தோய்ச்சல் சரியில்லை என்றால் கணக்கு தலைகீழாகிறது, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, திட்டு வாங்குவது ஃபிரேமின் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பெண்தான். நூல் அறுகிறது என்று தொழிலாளி மேல் பாயும் முன் மேஸ்திரி ரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

வார்ப்பிரும்பின் குணம் வேறு. அதில் கரி 2 சதவீதத்துக்கு மேல், வழக்கமாக 3ஐ ஒட்டி. பெரும்பகுதி கிராஃபைட் தகடுகளாக உள்ளே பரவிக் கிடப்பதால் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. காய்ந்த தோசைக்கல்லில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றி வெடிக்க வைத்தவர்களுக்கு இது தெரியும். கிணற்று மோட்டாரின் பம்ப் உடல், தறியின் பல்சக்கரம் எல்லாம் இந்த இரும்புதான். விரிசல் விட்டதும் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறோம். குளிர்ந்த வார்ப்பிரும்பில் நேராக வெல்டு வைத்தால் ஒட்டின இடத்தை அடுத்து இரும்பு திடீரென்று குளிர்ந்து, அரமும் கடிக்காத வெள்ளை இரும்பாக மாறுகிறது. ஒரு மாதத்தில் அதன் ஓரத்திலேயே புது விரிசல் வரும். முன்கூட்டியே சூடேற்றி, வெல்டு வைத்து, சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். "முன்சூடு காட்டுவீர்களா?" என்று கேட்டுவிட்டே பொருளைக் கொடுங்கள்.

பயன்படுத்தும் இடத்தில் நடக்கும் விபத்துகள் சில நம் அறியாமையாலேயே வருகின்றன. பியரிங் வளையத்தைச் சுத்தியலால் நேராக அடிப்பது, ஒரு சுத்தியலின் முகத்தில் இன்னொரு சுத்தியலால் அடிப்பது இரண்டும் கூடவே கூடாது. கடினமான இரண்டு எஃகு முகங்கள் மோதினால் தெறிக்கும் துணுக்கு கண்ணுக்குள் இறங்கும். இடையில் பித்தளைத் துண்டோ மரமோ வையுங்கள், கண்ணாடி போடுங்கள். அப்படியும் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காதீர்கள், துணுக்கைப் பிடுங்காதீர்கள். அழுத்தாமல் மூடி, நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். கிரைண்டரில் அரிவாளின் முனை நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். தலையில் 8.8 என்று எண் பொறித்த போல்ட் தோய்ச்சல் செய்தது. அது கழலவில்லை என்று கேஸ் வெல்டிங் சுடரில் சிவக்கச் சூடேற்றிக் கழற்றினால், திரும்ப அதையே மாட்டக் கூடாது.

வாங்கும்போது என்ன செய்யலாம்? ஓர் அரம் போதும். தோய்ந்த முனையில் அரம் வழுக்கும், தோயாததில் கடிக்கும். ஓரளவுக்கு இது உண்மை சொல்லும். விலை கூடிய பொருளுக்கு இது போதாது. எஃகின் ரகம், ஹார்டனிங் டெம்பரிங் செய்யப்பட்டது என்ற வாசகம், ராக்வெல் கடினத்தன்மை எவ்வளவு என்ற எண் மூன்றையும் பில்லிலோ ஆர்டரிலோ எழுதச் சொல்லுங்கள். வெளியில் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கொடுத்தாலும் அப்படியே. எழுத மறுக்கிற கடையில் விலை குறைவாக இருந்தாலும் வாங்காமல் வருவது நல்லது. ராக்வெல் கருவி எந்திரவியல் துறை உள்ள பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் வழக்கமாக இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். வழக்கு என்று போனால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வக அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

பொருள் முறிந்துவிட்டால் முதல் வேலை அதைப் பத்திரப்படுத்துவது. முறிந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கூடாது, கழுவக் கூடாது. படம் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் ஈரம் படாமல் வையுங்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்தும் மறுபகுதி பளிச்சென்றும் இருந்தால், அந்தக் கறுப்பு பழைய வெடிப்பின் தடமாக இருக்கலாம். முக்கும்போதே விழுந்த வெடிப்பு மறுசூட்டின்போது கறுத்திருக்கும். விற்றவருக்கு எதிரான சாட்சி அதுவே. "உடைந்ததைக் கொடுங்கள், புதிது தருகிறோம்" என்று கேட்டால் எழுத்தில் வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் குறைக்கும் சேவையின் குறைக்கும் பொருந்தும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று அதில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக வாங்கியவரை அந்த விலக்கு தொடாது. இரண்டு தறி வைத்துத் தானே ஓட்டுகிறவரும், சொந்த நிலத்தில் உழுகிறவரும் தயங்காமல் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளைக் கோயம்புத்தூரிலோ லூதியானாவிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பரிசோதிக்காமல் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். மில் நிறுவனங்களுக்கு இந்த வழி இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் ஆர்டரில் எழுதிய நிபந்தனையும்தான் அவர்களுக்குத் துணை.

உலையடியில் நிற்கிற ஆட்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. உருகிய உப்புத் தொட்டியில் ஈரமான ஒரு பொருளை இறக்கினால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, 800 டிகிரி உப்பு முகத்தில் தெறிக்கும். பொருளை முன்கூட்டியே சுட்டு உலர்த்தாமல் இறக்கச் சொல்லும் முதலாளியிடம் மறுத்துப் பேசுங்கள். மேல்தோலை மட்டும் இறுக்கும் கேஸ் ஹார்டனிங்குக்குச் சில இடங்களில் சயனைடு உப்பு பயன்படுகிறது. அதில் அமிலம் பட்டால் உயிர் குடிக்கும் வாயு வரும். நைட்ரேட் உப்போடு சூட்டில் கலந்தால் வெடிக்கும். அந்த உப்பு பூட்டின் கீழ் தனியாக இருக்க வேண்டும், பக்கத்தில் சோறு சாப்பிடக் கூடாது. மயங்கி விழுந்தவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். பேஸ்ட்டும் மையும் வேண்டாம்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. உரிமை. வேலை நேர விபத்துக்கு, சேர்ந்த முதல் நாளே அது பொருந்தும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 90 சதவீதக் கூலி கிடைக்கும். நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறையிலும், ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் இழப்பீடு தருவது முதலாளியின் கடமை. 1923இலிருந்தே சட்டம் இதைச் சொல்கிறது. இதற்கும் 2 ஆண்டுக் கெடு. பட்டறைக்காரர் கைச்செலவுக்குக் கொடுக்கும் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பயன்படுத்திக் கழித்த தோய்ச்சல் உப்பும், தொட்டி அடியில் படியும் சயனைடு, நைட்ரேட் கசடும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருப்பவை. ஓடையில் கொட்டுவதும் குப்பைமேட்டில் தட்டுவதும் குற்றம். மழை பெய்தால் அது கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும். அப்படிக் கொட்டுவதைப் பார்த்தால் கையால் தொடாமல் இடத்தையும் நாளையும் குறித்து, படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.