கீழ்த்தளச் சுவருக்குப் பலகை: கூலி பேசுமுன் ஒரு கணக்கு

கண்டியின் ஹந்தானை போன்ற சரிவுகளில், மலையை வெட்டிக் கட்டிய வீடுகளின் கீழ்த்தளச் சுவர் மண்ணோடு ஒட்டியே நிற்கும். அந்த அறையை ஜிப்சம் பலகையால் மூட விரும்புவோர் முதலில் சதுர அடியைக் கணக்கிட வேண்டும்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமான அறையின் நான்கு சுவர்களும் 396 சதுர அடி. கதவுக்கு 21, யன்னலுக்கு 16 கழித்தால் 359. வெட்டுச் சேதத்துக்குப் பத்திலொரு பங்கு சேர்த்தால் சுமார் 395. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. ஆகவே 13 பலகைகள் வேண்டும்.

கூலியையும் சதுர அடிக்கே பேசுங்கள்; நாட்கூலியில் வேலை இழுபட்டால் செலவு உங்களுக்கே. சட்டகம், மூட்டுப் பூச்சு, பெயின்ட், ஏற்றுக்கூலி ஆகியவை யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அது சிங்களத்தில் இருந்தால், யாரையாவது வாசிக்கச் சொல்லி விளங்கிய பின்பே முற்பணம் கொடுங்கள்.

ஈரச் சுவரை மூடினால் பலகை ஊறிப் பூஞ்சை பிடிக்கும். முதல் காசு வடிகாலுக்கே போகட்டும். வெடிப்பை மூடினால் மண்சரிவின் முன்னறிகுறியே மறைந்துவிடும். புதிய வெடிப்பு விரிந்தால் பலகை வாங்காமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். போரில் ஒரு வீட்டை இழந்து இங்கு குடியேறியவர்கள் இன்னொன்றையும் இழக்கக் கூடாது.