ஐந்து நாளுக்கு ஒரு பருவம்

ஜப்பானின் பழைய நாட்காட்டியில் ஆண்டுக்கு 72 சிறு பருவங்கள். ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நாட்கள். பெயரே வயலின் நிலையைச் சொல்லிவிடும். ஏப்ரல் கடைசியில் ‘உறைபனி நின்று நெல் நாற்று வளரும்’ பருவம். மே தொடக்கத்தில் ‘தவளை கத்தத் தொடங்கும்’. அக்டோபர் தொடக்கத்தில் ‘வயல் நீர் வடியும்’. ஹைக்கூ கவிதையிலும் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்றை வைப்பது மரபு.

சீனாவிலிருந்து வந்த இக்கணக்கு ஜப்பானின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே 1685-ல் ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியல் அறிஞர் அதைத் திருத்தியமைத்தார்.

2021-ல் கியோட்டோவில் செர்ரி மரங்கள் மார்ச் 26-லேயே முழுமையாகப் பூத்தன. அதுவரையிலான 1,200 ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிக முந்தியது. பழைய தேதிகளை மட்டும் நம்ப முடியாது.

உழவர் பெருமக்களே, பூப்பதையும் தவளை கத்துவதையும் ஆண்டுதோறும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். மாற்றம் தெரியும்.