விடுமுறை மட்டும் போதுமா?

மழை வலுத்தால் கலெக்டர் விடுமுறை அறிவிக்கிறார். பிள்ளைகள் மகிழ்கிறார்கள், பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள், கலாசாலை நிர்வாகிகளோ தங்கள் கடமை தீர்ந்ததென்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆபத்துக் காலத்தில் மாணவர்களைக் காப்பதற்கு நம் நாட்டில் நிலைபெற்றுவிட்ட முறை பெரும்பாலும் இதுவொன்றே. விடுமுறை விடலாகாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் விடுமுறை வேறு, பாதுகாப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்கினால் அம்மயக்கத்துக்கு விலையாக இளம் உயிர்களைக் கொடுக்க நேரும். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பிரதேசத்தின் அனுபவம் இதனை நன்கு விளக்கும்.

2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்ஜல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. புயலென்றால் கடற்கரை ஜில்லாக்கள் அஞ்சும். கிருஷ்ணகிரியைப் போன்ற மேட்டு நிலத்து ஜில்லா அஞ்சுவது வழக்கமில்லை. ஆனால் வலுவிழந்த அப்புயல் மெல்ல மெல்ல உள்நாட்டில் நகர்ந்து, டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிற்று. அந்த ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒரே நாளில் பெய்துவிட்டது. வெள்ளம் பஸ் நிலையத்தருகே நிறுத்தியிருந்த வண்டிகளை ஓலைத் துரும்புகளைப் போல் இழுத்துச் சென்ற காட்சியைத் தேசமே படத்தில் கண்டு திகைத்தது.

ஊத்தங்கரை விடுதிகளோடு கூடிய பள்ளிகள் பல உள்ள ஊர். மழை பிடித்துக்கொண்டதோ ஞாயிற்றுக்கிழமை. அன்று வகுப்புகளுக்கு விடுமுறை விட யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. ஆயினும், விடுதியில் வசிக்கும் பிள்ளைக்கு விடுமுறையால் என்ன பயன்? அவனுக்கு அன்றிரவு வீடும் அதுவே, பள்ளியும் அதுவே. மின்சாரம் நின்று, தெருவில் வெள்ளம் ஓடி, டெலிபோனும் பேசாதிருக்கும் நள்ளிரவில், “மாடிக்குப் போ” என்றோ, “வெளியே போகாதே” என்றோ கட்டளையிட அதிகாரம் பெற்ற ஒருவர் அவனருகில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

ஆபத்து கலாசாலை மணியைக் கேட்டு வருவதில்லை. 2023ஆம் வருஷம் நவம்பர் 25ஆம் தேதி கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். திறந்தவெளி அரங்கில் சங்கீத நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. திடீரென்று மழை வந்தது. வெளியில் நின்றவர்கள் நனையாமலிருக்க உள்ளே பாய்ந்தார்கள். வாயிலுக்கு அப்பால் கீழிறங்கும் செங்குத்தான படிகள். முன்னே விழுந்தவர்மேல் பின்னே வந்தவர் விழுந்தனர். நால்வர் மாண்டனர், அவர்களில் மூவர் அச்சர்வகலாசாலையின் மாணவர்கள். புயலுமில்லை, பூகம்பமுமில்லை. சாதாரண மழையும், நெரிசலைத் தாங்கும் ஏற்பாடில்லாத வாயிலும் சேர்ந்து நால்வரைக் கொன்றன.

மறு வருஷம் ஜூலை 27ஆம் தேதி டில்லியில் பழைய ராஜிந்தர் நகரில், பரீட்சைக்குப் பயிற்சியளிக்கும் ஒரு ஸ்தாபனத்தின் நிலவறைக்குள் தெருவின் மழைநீர் புகுந்தது. சாமான் வைக்க மட்டுமே அனுமதி பெற்றிருந்த அவ்விடத்தைப் படிப்பகமாக்கி வைத்திருந்தார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தனர். கொச்சியிலும் டில்லியிலும் விபத்து நடந்தது சனிக்கிழமை மாலையில். பிரின்ஸிபாலும் காரியதரிசியும் அலுவலகத்தில் இல்லாத வேளைக்கும் ஓர் ஏற்பாடு வேண்டுமென்பதற்கு இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?

இனி, எல்லைப் பிரதேசத்துக்கேயுரிய இடர்களைக் கவனிப்போம். முதலாவது நதி. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, பெங்களூரின் புறத்தே ஓடி, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது. அங்கே மழை கொட்டினால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் நீர் ஏறும். ஓசூரின் மேகத்தைப் பார்த்து மட்டும் ஓசூரின் ஆபத்தை அளக்க முடியாது. மழையை மட்டும் பார்ப்பதும் போதாது; 2017ஆம் வருஷம் நவம்பர் 29ஆம் தேதி கிருஷ்ணகிரி அணையில் மதகுக் கதவொன்றே உடைந்து நீர் வெளியேறியதை அந்த ஜில்லா மறந்திருக்காது.

இரண்டாவது தொழில். ஓசூர் சிப்காட் ஆலைகளும், அவற்றுக்கு இரசாயனப் பொருள்களைச் சுமந்து பெருஞ்சாலையில் ஓடும் டாங்கர் லாரிகளும் பிழைப்பையும் தருகின்றன. ஆபத்தையும் கூடவே கொண்டுவருகின்றன. 2023ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அவ்வருஷமே அக்டோபர் 7ஆம் தேதி, எல்லைக்கு மறுபுறம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பதினான்கு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குச் சென்ற இளைஞர். படித்துக்கொண்டே வேலைக்குப் போனவர்களும் அவர்களுள் உண்டு. கலாசாலை மூடினால் ஏழை மாணவன் எங்கே போகிறான் என்பதை விடுமுறை விடுவோர் எண்ணிப் பார்ப்பதுண்டா?

2024ஆம் வருஷம் செப்டம்பர் 28ஆம் தேதி ஓசூருக்கருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. புகையால் மூச்சுத் திணறிச் சிலர் ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேர்ந்ததாயினும், உள்ளிருந்தோரை வெளியேற்றிவிட்டபடியால் உயிர்ச்சேதமில்லை. ஆலைகள் இத்தகைய ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டது எப்படி? 1984இல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ஆலை ஒவ்வொன்றும் ஆபத்துக் காலத் திட்டம் வகுக்கவேண்டுமென்று விதித்தார்கள். கலாசாலைகளுக்கோ 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டும் குறிப்புகளை வெளியிட்டது. வழிகாட்டுதல் வேறு, கட்டாயம் வேறு என்பதைச் சட்டம் பயின்ற நாம் விளக்கவேண்டியதில்லை. இயந்திரங்கள் உள்ள மதிலுக்குள் கட்டாயம். பிள்ளைகள் உள்ள மதிலுக்குள் யோசனை மாத்திரம்! இது நியாயமா?

மூன்றாவது கலவரம். காவேரி விஷயமாக 2016ஆம் வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் பல எரிக்கப்பட்டன. எல்லையில் போக்குவரத்து நின்று, ஜனங்கள் மூட்டையைத் தலையிற் சுமந்து ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தார்கள். பழிக்கு மறுபக்கத்தாரை மட்டும் நாம் சுட்டுவது நேர்மையாகாது. 2000ஆம் வருஷம் பிப்ரவரி 2ஆம் தேதி, கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய தர்மபுரி ஜில்லாவில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பஸ்ஸை அரசியல் ஆர்ப்பாட்டக்காரர் கொளுத்தினர். மூன்று மாணவிகள் கருகி மாண்டனர். நம் வாசகர்களில் அரசியல் ஊழியர் அநேகர். அவர்களை நாம் பணிவோடு, ஆனால் உறுதியோடு கேட்கிறோம்: பள்ளி, கலாசாலை வண்டிகளும் விடுதிகளும் எந்தப் போராட்டத்துக்கும் அப்பாற்பட்டவை என்ற பிரதிக்ஞையை ஒவ்வொரு கட்சியும் ஏன் செய்துகொள்ளலாகாது?

ஏற்பாடு என்பது காகிதக் காரியமென்று ஏளனம் செய்வோருக்கு ஜப்பான் தேசத்தின் இரண்டு ஊர்களைக் காட்டுவோம். 2011ஆம் வருஷம் மார்ச் 11ஆம் தேதி அங்கே ஆழிப்பேரலை எழுந்தது. கமாயிஷி என்னும் ஊரில், பலமுறை பயிற்சி பெற்றிருந்த பள்ளிப் பிள்ளைகள் உத்தரவுக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். ஏறக்குறைய 3,000 பேர் தப்பினார்கள். இஷினோமாக்கியைச் சேர்ந்த ஒகாவா ஆரம்பப் பள்ளியிலோ, எங்கே போவதென்று முடிவு செய்யாமல் சுமார் 50 நிமிஷம் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி வைத்தனர். 74 குழந்தைகளும் பத்து உபாத்தியாயர்களும் அலைவாய்ப் பட்டனர். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அன்றைய தவறு மட்டுமல்ல, முன்கூட்டியே திட்டம் வகுக்காததும் குற்றமென்று 2018இல் மேல்கோர்ட் தீர்ப்பளித்தது. மறு வருஷம் அத்தேசத்து உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்திற்று. “யார் எதிர்பார்த்தார்கள்?” என்ற சமாதானம் அங்கே செல்லவில்லை. இங்கும் செல்லலாகாது. 2004ஆம் வருஷம் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த நாட்டில் அச்சமாதானத்துக்கு இடமேது?

ஆகவே, கலாசாலை நிர்வாகிகளுக்கு ஐந்து காரியங்களை வற்புறுத்துகிறோம். இவற்றில் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை.

முதலாவது, பொறுப்பு. இரவோ பகலோ, எந்த மணியிலும் கட்டளையிட அதிகாரம் பெற்ற ஒருவர் வளாகத்தில் இருத்தல் வேண்டும். விடுதி வார்டன் மேலதிகாரியின் டெலிபோனுக்குக் காத்திராமல் பிள்ளைகளை எழுப்பி நகர்த்தும் அதிகாரத்தை எழுத்திலே பெற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. இன்றிரவு விடுதியில் இருப்பவர் யார், ஊருக்குச் சென்றவர் யார் என்ற பட்டியல் தினந்தோறும் காகிதத்தில் இருத்தல் வேண்டும். சமையற்காரரும், காவற்காரரும், கட்டட வேலைக்கு வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் கூலியாட்களும் அக்கணக்கில் சேரவேண்டியவர்களே.

மூன்றாவது, வழி. எந்தக் கட்டடம் தாழ்ந்தது, எந்த மாடி தப்பும், பழைய ஏரிக் கால்வாய் எங்கே ஓடிற்று என்று அறிந்து வைக்கவேண்டும். பெண்கள் விடுதிகளில் இரவு வாயிலைப் பூட்டிச் சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு போகும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும். காவல் வேண்டுமானால் ஆளை வையுங்கள். உள்ளிருப்போர் திறக்கமுடியாத பூட்டு காவலன்று, பொறி.

நான்காவது, செய்தி. மின்சாரமின்றி ஒலிக்கும் மணி ஒன்று வேண்டும். எச்சரிக்கை தமிழில் மட்டுமன்றித் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஹிந்தியிலும் சொல்லப்பட வேண்டும். எல்லையூர்க் கலாசாலையில் நான்கு பாஷைக்காரரும் உண்டு. ஜில்லா கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் ஒவ்வொரு சுவரிலும் இருக்கட்டும்.

ஐந்தாவது, பயிற்சி. வருஷத்துக்கு இருமுறை, அவற்றில் ஒரு முறையேனும் இரவில், ஒத்திகை நடக்கவேண்டும். இடி கேட்டால் மைதானத்தையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் புகுந்து, கடைசி இடி ஓய்ந்து அரைமணி கழியும்வரை வெளிவரலாகாது. வேகமாக ஓடும் நீர் அரையடி உயரமிருந்தாலே ஆளைத் தள்ளும். இரண்டடியிருந்தால் காரையும் கொண்டுபோகும். விஷவாயு பரவினால் கூட்டமாகச் சாலைக்கு ஓடாமல் ஜன்னல்களை அடைத்து உள்ளே இருந்து உத்தரவை எதிர்பார்க்க வேண்டும். தீயென்றாலோ உடனே வெளியேற வேண்டும். இந்த வேற்றுமையைப் பழகாதவன் அறியான்.

அரசாங்கத்தாருக்கும் நாம் சொல்லவேண்டியதுண்டு. 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஜில்லாவுக்குத் திட்டம் உண்டு. ஆனால் நதிக்கும் புகைக்கும் ஜில்லாவும் தெரியாது, ராஜ்ய எல்லையும் தெரியாது. கிருஷ்ணகிரிக் கலெக்டரும் பெங்களூரு நகர ஜில்லா அதிகாரியும் ஒருவருக்கொருவர் அனுப்பும் எச்சரிக்கை, அந்த நிமிஷமே இருபுறத்துக் கலாசாலைகளுக்கும் நேரே கிட்டவேண்டும். சேலத்திலும் சென்னையிலும் தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டு பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் சர்வகலாசாலைகள், கட்டடமும் புஸ்தகமும் ஆசிரியரும் உண்டா என்று பார்த்து அங்கீகாரம் தருவதுபோல, ஆபத்துக் காலத் திட்டமும் ஒத்திகையும் உண்டா என்று பார்த்தே அங்கீகாரம் தரவேண்டும்.

மாணவரைக் காக்கப்பட வேண்டிய குழந்தைகளாக மட்டும் எண்ணுவதும் பிழை. பயிற்சி பெற்ற நூறு வாலிபர்கள் உள்ள கலாசாலை, வெள்ளம் வந்த நாளில் ஊருக்கே புகலிடமாகும். பயிற்சியில்லாத ஆயிரம் பேர் கூடியிருந்தாலோ, ஒரு மழைத்தூறலே அவர்களுக்கு எமனாகும்.

தகப்பன் தன் பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கும்போது சம்பளத்தை மட்டும் செலுத்தவில்லை. தன் ஸ்தானத்தையும் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கிறான். இடியும் மழையுமான இரவில் எந்தத் தகப்பனும், “இன்று விடுமுறை” என்று சொல்லிப் பிள்ளையை மறந்து உறங்குவதில்லை. அடுத்த பருவமழைக்கு முன் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் ஊத்தங்கரையிலும் உள்ள ஒவ்வொரு கலாசாலையும் விடுதியும் ஓர் இரவு ஒத்திகை நடத்திப் பார்க்கட்டும். சாவி யாரிடம் இருக்கிறதென்று அன்றே தெரிந்துவிடும்.