ஒளியை முந்தினால் நேற்றைக்குத் திரும்பலாமா? விடை மீனவர் கையில் இருக்கும் ஜிபிஎஸ்-ல்!

காட்டூர், பழவேற்காடு பக்கம் நின்றாலே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் சீறிப் பாய்வது தெரியும். அது ஒளியை முந்துமா? வாய்ப்பே இல்லை.

ஏன் முடியாது?

ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். நிறையுள்ள எந்தப் பொருளையும் அந்த வேகத்துக்குத் தள்ள முடிவில்லாத ஆற்றல் வேணும் என்கிறது ஐன்ஸ்டீனின் 1905 சார்பியல் கோட்பாடு.

அப்போ டைம் டிராவல்?

நேற்றைக்குத் திரும்ப இதுவரை வழி கிடைக்கவில்லை. ஆனால் நேரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் வேகத்தால் அதிலுள்ள கடிகாரம் தினமும் 7 மைக்ரோ நொடி பின்தங்கும். உயரத்தில் புவியீர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ நொடி முந்தும். ஆக, 38 மைக்ரோ நொடி முந்துகிறது.

இதனால் என்ன?

அதற்குள் ஒளி 11 கி.மீ. ஓடிவிடும். இதைத் திருத்தாவிட்டால் நடுக்கடலில் மீனவரின் ஜிபிஎஸ் கரையையே தப்பாகக் காட்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2023 மே 29-ல் பறந்த என்விஎஸ்-01 செயற்கைக்கோளிலும் உள்நாட்டு அணுக் கடிகாரம் இருப்பது இந்தத் துல்லியத்துக்காகத்தான்.