தூண்டிற்காரரின் கணக்கேடு

பாலிகஞ்சில் வாழும் நமக்கு, மீனைப் பற்றி வங்காள அன்பர்கள் பேசக் கேட்பது புதிதன்று. கரியாஹாட் சந்தையில் அப்பேச்சு எழும்போது, மரக்கறி உண்போரான நம்மிற் பலர் ஒதுங்கி நிற்பதும் உண்டு. ஆயினும், அவர்கள் ‘மஹாசோல்’ என்று போற்றும் மஹசீர் மீனுக்கு நமது காவிரியிலும் உறவினம் உண்டென்றால், நாமும் செவி சாய்க்கத்தானே வேண்டும்?

ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிப்போரைக் கரையில் நின்றே விசாரித்துக் கணக்கெடுக்கலாம். ஒகேனக்கலை அடையுமுன், கன்னட நாட்டுக் காடுகளினூடே பாறைகளில் மோதி ஓடும் காவிரியில் அது எளிதன்று. வலை வீசவும் இயலாது; நாள்தோறும் ஆள் அமர்த்தவும் இயலாது. அங்கே உதவியது பொழுதுபோக்காகத் தூண்டில் போட வந்தவர்களின் பதிவேடு. கலிபோரே முகாமில் தங்கிய அவர்கள், பிடித்த மீனை உயிருடன் ஆற்றிலேயே விட்டனர். தூண்டிலிட்ட நேரத்தையும் மீனின் எடையையும் குறித்து வைத்தனர்.

1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். 23,620 மணி நேர உழைப்பு, 6,161 மீன்கள், அவற்றுட் பெரியது ஏறத்தாழ 47 கிலோ!

மீன்களின் எண்ணிக்கை பெருகியே வந்தது. ஆனால் எடை குறைந்தது. காரணம் யாது? பெருகியது, மராட்டிய நாட்டு லோனாவ்லாவில் பொரிக்கப்பட்ட இனமாகிய நீலத்துடுப்பு மஹசீர். மறைந்துகொண்டிருந்தது காவிரிக்கே உரிய திமில் மஹசீர். வெறும் தொகையை மட்டும் பார்த்திருந்தால், ஆறு செழிக்கிறதென்றே மகிழ்ந்திருப்போம்!

அறிவியற்பெயர்கூட உறுதிப்படாதிருந்த அம்மீன், ‘தோர் ரேமாதேவி’ என 2018-இல் தெளிவாயிற்று. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிராக உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. மோயாற்றில் அவ்வினம் எஞ்சியிருக்கிறது.

சரணாலயத்துள் தூண்டிலிடுதல் 2012-இல் நிறுத்தப்பட்டது. கணக்கேடும் அத்துடன் நின்றது. உயிரினத்தைக் காப்பது சட்டத்தின் கடமையே, அதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பார்ப்பார் இல்லாத இடத்தில், வெடி வைத்து மீன் கொல்வோரைக் காண்பார் யார்?

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் ஒகேனக்கலில் நீராடும்போது இதனைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லட்டும். வீட்டு வரவு செலவை நாள்தோறும் எழுதிவைக்கும் நமக்கு, ஆற்றின் கணக்கும் எழுதப்பட வேண்டுமென்பது விளங்காமற் போகாது.