வயது ஒன்றுதான் கணக்கா?

ஒரே வீதியில் கடை வைத்திருக்கும் இருவர் ஆயுள் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கின்றனர் எனக் கொள்வோம். இருவருக்கும் வயது 45. காப்புறுதித் தொகையும் ஒன்றே. ஆயினும் ஒருவரிடம் கூடுதலான தவணைக் கட்டணம் கேட்கப்படுகிறது. இது முகவரின் விருப்பு வெறுப்பல்ல. இதன் பின்னால் ஒரு கணிதம் இருக்கிறது.

வளர்ந்தோரின் இறப்பு ஆபத்து வயதோடு மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்பதை 1825 இல் பிரித்தானியரான பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ் சூத்திரமாக்கினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. விபத்து போன்ற, வயதோடு தொடர்பில்லாத மரணங்களுக்காக 1860 இல் வில்லியம் மேக்கம் அதில் மாறாத ஓர் எண்ணைச் சேர்த்தார்.

புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை எப்படிச் சேர்ப்பது? 1972 இல் டேவிட் கொக்ஸ் வெளியிட்ட முறை இதற்கு வழிகாட்டியது. அடிப்படை ஆபத்தை ஒவ்வொரு காரணியும் பெருக்குகிறது. உதாரணமாக, அடிப்படை ஆபத்து ஆயிரத்துக்கு 3 என்று வைப்போம். ஒரு காரணி அதனை இரட்டிப்பாக்கினால் 6. இன்னொன்று ஒன்றரை மடங்காக்கினால் 9. வயது மாறவில்லை, ஆபத்து மும்மடங்காகிவிட்டது.

காரணிகளின் பலம் அனுமானமல்ல. பிரித்தானிய வைத்தியர்களிடம் 1951 இல் ரிச்சட் டோலும் பிரட்போர்ட் ஹில்லும் தொடங்கிய ஆய்வின் 50 வருட முடிவு 2004 இல் வெளியானது. தொடர்ந்து புகைத்தோர் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தனர். 50 வயதில் நிறுத்தியோர் அதில் ஆறு வருடங்களையும், 40 இல் நிறுத்தியோர் ஒன்பது வருடங்களையும் மீட்டனர்.

இக்கணிதம் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்றே சொல்லும்; யார் என்று சொல்லாது. ஆனால் அது சரியாக அமைய, படிவத்தில் நாம் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். "சீனி வருத்தத்தை எழுதாமல் விடுங்கள், கட்டணம் குறையும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைத்த விடயம் பின்னர் தெரியவந்தால் கொடுப்பனவு மறுக்கப்படலாம். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். கடையின் கடனும் வீட்டின் செலவும் பிள்ளைகளின் தலையில் விழும்.

படிவத்தை நீங்களே வாசித்து நிரப்புங்கள். பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள். புகைத்தலை நிறுத்தியிருந்தால் கட்டணத்தை மீளக் கணிக்க முடியுமா என்றும் கம்பனியிடம் கேளுங்கள்.