பொட்டணியும் படமும்

பொட்டணி வியாபாரியை அறியாத மூத்தோர் மட்டக்களப்பில் இலர் எனலாம். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெய்த சேலை, சாரம் முதலியவற்றைப் பெருந்துணியொன்றிற் கட்டித் தோளிற் சுமந்து, தோணியேறி வாவியைக் கடந்து, படுவான்கரைச் சிற்றூர்களுக்கு அவர் வருவார். திண்ணையிற் பொட்டணி அவிழ்ந்ததும் அயலார் கூடிவிடுவர். “காக்கா, சாயம் போகுமோ?” என்று என் பாட்டியார் கேட்பார். அவர் வாயால் விடை கூறார். துணியின் ஓரத்தை நீரில் நனைத்துத் தமது வெள்ளைச் சட்டையிலேயே அழுத்திக் காட்டுவார். விலைப்பேச்சு அதன் பின்னரே.

இன்று அப்பொட்டணி கைபேசியில் அவிழ்கின்றது. வாவியின் தென்கோடியை அடுத்த மருதமுனையில், தறியிலிருந்து இறக்கிய சேலையை முற்றத்தில் விரித்துப் படமெடுத்து, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இடுகின்றனர். கடையோ முதலோ இல்லாத நெசவாளரும் கொழும்பிலுள்ளவருக்குத் தம் கைவேலையைக் காட்ட முடிகின்றது. பொருள் கைசேர்ந்த பின் பணம் என்னும் முறையும் உண்டு. சிறியதொரு பேறன்று இது.

ஆனால், படத்தை நனைத்துப் பார்க்க இயலாதே! மின்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் நீலம் ஊதாவாகித் தோன்றும். நண்பகல் வெயிலில் எடுத்தாலோ செம்மை வெளிறிவிடும். நிழலில், பகலொளியில் எடுத்த படமே ஓரளவு உண்மை பேசும். முந்தானையின் அழகை மட்டுங் காட்டுவதும் போதாது. தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் கோலின் ஊசிகள் பதிந்த நுண்டுளைகள் கைத்தறித் துணியின் விளிம்போரத்திற் காணப்படுவதுண்டு. அவ்விளிம்பையும் ஒரு படமாக எடுத்திட்டால், அறிந்தவர் கண்டுகொள்வர். நீளத்தையும் நூலின் தன்மையையும் நல்ல தமிழில் நாலு வரி எழுதினால் என்ன? விலையைக்கூட எழுதாது, ‘தனிச்செய்தியிற் கேட்கவும்’ என்பாரை என்னென்பது! பொட்டணிக் காக்கா ஊரறியவே விலை சொன்னார்.

இக்கடைத்தெருவின் கதவு விற்பவர் கையிலும் இல்லை. 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, சீயோன் தேவாலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்த அன்றே, முகநூலும் வாட்ஸ்அப்பும் நாடெங்கும் முடக்கப்பட்டன. அம்மாத இறுதியில் தடை நீங்கும்வரை, அத்துயரினூடே, படத்தை நம்பிய விற்பனையும் நின்றது.

இவற்றினும் என்னை உறுத்துவது வேறொன்று. ஒருவர் இட்ட படத்தை இன்னொருவர் பகிர, அவரிடமிருந்து மற்றொருவர் எடுக்க, மூன்றாங் கைக்குச் செல்லும்போது நெய்தவர் பெயரும் ஊரும் உதிர்ந்துபோகின்றன. அதே படத்தின்கீழ் விசைத்தறித் துணியும் விலைபோகக்கூடும். பெற்றவர் ஏமாந்தால், பழி கைத்தறிக்கே.

அண்மையில் அவ்வூர் நெசவாளர் வீடொன்றிற்குச் சென்றிருந்தேன். பேத்தி முற்றத்துப் பாயிற் சேலையை விரித்து, ‘மருதமுனை’ என்றெழுதிய கடதாசித் துண்டை ஒரு மூலையில் வைத்தாள். மூதாட்டியார் எழுந்து வந்தார். “நடுவில வை, மகள். ஓரத்தில வெச்சா வெட்டிப் போடுவாங்க” என்றார். அவள் அவ்வாறே வைத்தாள். வெயில் தணிந்து நிழல் படரும்வரை இருவரும் படியிற் காத்திருந்தனர்.